லாயத்துச் சுவரில் ஏறிய உப்பு

இங்கிலாந்தின் பழைய நெடுஞ்சாலைகளை ஒட்டிய மதுவிடுதிகள் பலவற்றின் கொல்லைப்புறத்தில், கோச்சு வண்டிக் குதிரைகள் நின்ற செங்கல் லாயங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. 1784-இல் அஞ்சல் கோச்சுகள் ஓடத் தொடங்கிய பின், ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு ஒருமுறை குதிரைகளை மாற்ற வேண்டியிருந்ததால், இத்தகைய லாயங்கள் ஓயாமல் பயன்பட்டன. இப்போது அவற்றில் பல, தங்கும் அறைகளாக மாறியிருக்கின்றன. கூரை ஒழுகாத, குழாய் கசியாத அந்த அறைகளிலும் சுவரின் அடிப்பகுதி ஈரமான நாட்களில் திட்டுத்திட்டாகக் கருத்து, வறண்ட நாட்களில் வெள்ளையாகப் பூத்து நிற்பதுண்டு.

காரணம் குதிரையின் சிறுநீர். ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 5 முதல் 15 லிட்டர் வரை கழிக்கிறது. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் அமோனியாவாகச் சிதைக்க, வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தரையில் ஊறிய இந்த நைட்ரேட், செங்கல்லின் நுண்துளைகள் வழியே நீருடன் மேலேறி, சுண்ணாம்புச் சாந்திலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து கால்சியம் நைட்ரேட்டாகத் தங்கிவிடுகிறது.

மழைக்காலத்தில் ஜாடியிலுள்ள உப்பு நசநசப்பது போலத்தான் இதுவும். ஆனால் சமையலுப்பு கரையக் காற்றில் ஏறத்தாழ 75 சதவீத ஈரப்பதம் வேண்டும்; கால்சியம் நைட்ரேட்டுக்கு 50 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே போதும். குதிரைகள் போய் நூறாண்டு கழிந்த பின்னும் சுவர் காற்றிலிருந்தே நீரை இழுப்பது இதனால்தான். ஈரம் குறையும்போது உப்பு மீண்டும் படிகமாகி, துளைக்குள் வளர்ந்து, செங்கல்லின் மேற்பரப்பைப் பொரிந்து உதிரச் செய்கிறது.

இதே உப்பு ஒரு காலத்தில் அரசுக்கே தேவைப்பட்டது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அரசின் ஆட்கள் லாயங்களின் மண்ணைத் தோண்டி எடுத்து, அதை ஊறவைத்து வடித்த நீரை மரச்சாம்பலுடன் சேர்த்து, வெடிமருந்துக்கான வெடியுப்பைக் காய்ச்சினார்கள். உரிமையாளரின் அனுமதியின்றித் தோண்டக் கூடாதென 1656-இல்தான் சட்டம் வந்தது.

ஆகவே, இச்சுவர்களுக்குள் நீர்த்தடுப்பு ரசாயனம் செலுத்துவது பெரும்பாலும் வீண்செலவு என்றே சொல்வேன். அது தரையிலிருந்து ஏறும் நீரைத் தடுக்கலாம், காற்றிலிருந்து வரும் ஈரத்தை என்ன செய்யும்? சிமென்ட் பூச்சு அதைவிடக் கேடு. நீராவி வெளியேற வழியின்றி, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிறது. நுண்துளை மிகுந்த சுண்ணாம்புப் பூச்சு உப்பைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அது உதிரத் தொடங்கியதும் சுரண்டி அப்புறப்படுத்திவிட்டு, புதிதாகப் பூச வேண்டும்.