கல்லீரல் கெட்டால் மூளை ஏன் குழம்புகிறது?

சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய், முற்றிய ஒருவரிடம் வீட்டுக்காரர்கள் முதலில் கவனிப்பது பல நேரம் தூக்கத்தைத்தான். பகலில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே கண் சொருகுவார். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பார். கையெழுத்து கோணும், சில்லறை எண்ணத் தடுமாறுவார். வயசாகிவிட்டது என்றோ, திரும்பக் குடிக்கிறார் என்றோ நினைத்துவிடுவார்கள். ஆனால் குடியைத் தொடாதவருக்கும் ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல் வழியாக சிரோசிஸ் வரும். இந்தக் குழப்பமும் வரும்.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குள் போகிறது. புரதம் சிதையும்போது குடலில் உண்டான அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிவிடும்; அது சிறுநீரில் வெளியேறும். தழும்பேறி இறுகிய கல்லீரலில் இந்த வேலையைச் செய்யும் செல்கள் குறைவு. போதாததற்கு, உள்ளே நுழைய முடியாத ரத்தம் அழுத்தம் ஏறிப் பக்கவழிகளில் ஓடி, சுத்தமாகாமலே உடம்பில் கலக்கிறது. அதிலுள்ள அம்மோனியா மூளையை எட்டிக் குழப்புகிறது. உணவுக்குழாயில் புடைத்து, வெடித்தால் ரத்த வாந்தியாக வரும் நாளங்களும் அந்தப் பக்கவழிகள்தான். வயிற்றில் நீர் கோப்பதற்கும் முக்கியக் காரணம் இதே அழுத்தம்.

1877இல் ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் எக், நாய்களில் போர்ட்டல் சிரையைக் கல்லீரலுக்குள் விடாமல் இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையோடு நேரடியாக இணைத்தார். 1893இல் ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவும் சகாக்களும் அதே அறுவை செய்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது அவை தள்ளாடின, மயங்கின. அந்தச் சோதனையின் நிழல் மனிதர்களின் சாப்பாட்டுத் தட்டு வரை நீண்டது: கல்லீரல் நோயாளிக்குப் புரதமே கூடாது என்ற பத்தியம் பல தலைமுறை நின்றது.

நோயாளியின் கைகளை நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கிப் பிடிக்கச் சொன்னால் கைகள் சிறகுபோல் படபடக்கும். ரத்தத்தில் அம்மோனியா எவ்வளவு என்ற எண்ணை வைத்துக் குழப்பத்தின் தீவிரத்தை அளக்க முடியாது. அதைவிட முக்கியமான கேள்வி, ஏன் இப்போது வந்தது என்பது. மலச்சிக்கல், தூக்க மாத்திரை, நீர் மாத்திரை அதிகமாகி உடம்பு வற்றுவது, குடலில் ரத்தக்கசிவு என்று தேட வேண்டும். கசிந்த ரத்தமும் புரதம்தான். மலம் தார்போல் கறுத்திருந்தால் சந்தேகப்படலாம். வயிற்றில் நீர் இருந்தால் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் 250ஐ எட்டினால் தொற்று என்று கொண்டு உடனே ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். காய்ச்சலே இல்லாமலும் இந்தத் தொற்று இருக்கும் என்பதால்தான் அந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சையின் நாயகன் ஓர் இனிப்புத் திரவம்: லாக்டுலோஸ். சிறுகுடல் இதை உறிஞ்சாது. பெருங்குடல் பாக்டீரியா இதை அமிலமாக்க, அம்மோனியா அம்மோனியம் அயனியாக மாறி, ரத்தத்துக்குள் திரும்ப முடியாமல் மலத்தோடு போகிறது. தினம் இரண்டு, மூன்று முறை இளகிய மலம் போகும் அளவே சரியான அளவு. வயிற்றுப்போக்காகும்வரை ஊற்றினால் உடம்பு வற்றி, குழப்பம் திரும்ப வரும். மறுபடி மறுபடி வருபவர்களுக்கு ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பார்கள்.

சரி, அந்தப் பழைய பத்தியம்? 2004இல் பார்சிலோனாவில் நடந்த சோதனையில், புரதத்தைக் குறைத்ததால் பலன் எதுவும் தெரியவில்லை. தசையும் அம்மோனியாவைப் பிடித்து அப்புறப்படுத்தும். பட்டினி போட்டால் தசை கரையும். இப்போதைய பரிந்துரை, எடையில் கிலோவுக்கு தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதம். பருப்பு, தயிர், முட்டை எல்லாம் உண்டு. ராத்திரி படுக்குமுன் கொஞ்சம் சாப்பிடுவதும் தசையைக் காக்கும். குறைக்க வேண்டியது, வயிற்றில் நீர் இருந்தால், உப்பைத்தான்: ஊறுகாய், அப்பளம், கருவாடு.

குழப்பம் இருக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது. எழுப்பியும் சரியாக விழிக்காதவருக்கு வாயில் மருந்தோ தண்ணீரோ ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.