ஹெல்த் டிஸ்பாரிட்டி: தமிழில் எப்படிச் சொல்வது?

மனித உரிமையையும் பொது சுகாதாரத்தையும் சேர்த்துப் படிக்கிற மாணவி நான். எங்கள் பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல் 'ஹெல்த் டிஸ்பாரிட்டி', அதாவது ஒரு மக்கள் பிரிவுக்கும் இன்னொன்றுக்கும் இடையே உடல்நலத்தில் இருக்கிற இடைவெளி. தமிழில் இதைப் பெரும்பாலும் 'சுகாதார வேறுபாடு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது, ஏனென்றால் வேறுபாடு என்பதில் யார் மேலும் எந்தக் குறையும் சொல்லாத ஒரு மெத்தனம் இருக்கிறது.

லத்தீனில் 'பார்' என்றால் சமம். அதன் முன்னால் 'டிஸ்' என்ற எதிர்மறை ஒட்டி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்தான் 'டிஸ்பாரிட்டி', அதாவது நேர்ப்பொருள் சமமின்மை. உடல்நலத்தோடு இது இறுகச் சேர்ந்தது அமெரிக்காவில்தான். 1985-இல் அங்கே உடல்நலத் துறைச் செயலாளராக இருந்த மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, கறுப்பின மக்களுக்கும் வெள்ளையருக்கும் இடையே உள்ள உடல்நல இடைவெளியால் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் கூடுதலாகச் சாகிறார்கள் என்று கணக்குக் காட்டியது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் சொல் அரசு ஆவணங்களிலும் ஆய்வுகளிலும் வேரூன்றியது.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே பேச்சு வர்க்கத்தைப் பற்றியது, சொல்லும் 'இன்ஈக்வாலிட்டி', அதாவது சமத்துவமின்மை. சர் டக்ளஸ் பிளாக் தலைமையிலான குழு 1980-இல் கொடுத்த அறிக்கை, ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் ஏன் சீக்கிரம் சாகின்றன என்பதை வறுமையோடும் வாழ்நிலையோடும் முடிச்சுப் போட்டுச் சொன்னது. மார்கரெட் தாட்சர் அரசு அதை வெறும் 260 பிரதிகள் எடுத்து, ஒரு விடுமுறை நாளை ஒட்டி வெளியே விட்டது. அப்புறம் 1995-இல் அதே கட்சி அரசு இதே விஷயத்தைப் பற்றி ஓர் அறிக்கை போட்டபோது 'இன்ஈக்வாலிட்டி' என்ற சொல்லையே தவிர்த்து, 'வேரியேஷன்ஸ்' என்று தலைப்பு வைத்தது. நம் 'வேறுபாடு' அதற்குச் சரியான தமிழ். ஓர் அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கத் தேடிப்பிடித்த சொல்லை நாம் ஏன் சும்மா எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?

மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது, 'இன்ஈக்விட்டி'. மார்கரெட் வைட்ஹெட் என்ற ஆய்வாளர் 1990-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதியதில் இதற்குத் தெளிவான வரையறை தந்தார்: தேவையில்லாததும் தவிர்க்கக்கூடியதும், அதோடு நியாயமற்றதுமான இடைவெளி. இருபது வயதுக்காரரைவிட எழுபது வயதுக்காரருக்கு மூட்டுவலி அதிகம் என்பது இதில் வராது.

கொரோனா காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இதில் வரும். அது விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது, தோலின் கருநிறமி அந்தக் கணக்கைக் குழப்புகிறது. 2020-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி ஆக்ஸிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் உண்மை அளவு 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தது வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 சதவீதம். மூச்சுக்குத் திணறுகிற ஒருவரைப் பார்த்து, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று கருவி சொல்கிறது. கறுத்த தோல் உள்ளவர்களைப் போதிய அளவு சேர்த்து அந்தக் கருவியைச் சரிபார்த்திருக்கலாம், செய்யவில்லை. இதைப் போய் வேறுபாடு என்று எப்படி எழுதுவது?

சரி, தமிழுக்கு வருவோம். 'சுகாதாரம்' என்றதும் நமக்குச் சாக்கடையும் குப்பையும் கழிவறையும்தான் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டு அரசே தன் துறைக்கு 'மக்கள் நல்வாழ்வு' என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. அதனால் நான் நலவாழ்வு என்பேன், டிஸ்பாரிட்டிக்கு 'நலவாழ்வு ஏற்றத்தாழ்வு'. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. இன்ஈக்விட்டிக்கு 'நலவாழ்வு அநீதி' என்பதே சரி.

அப்படியானால் இன்ஈக்விட்டிக்கு எதிர்ச்சொல்லான 'ஈக்விட்டி'? சிலர் ஒப்புரவு என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்துக்கு அடுத்தது ஈகை. இருப்பவர் மனமுவந்து பிறருக்கு உதவுகிற வாசம் அதில் வலுவாக வீசுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 1946 அமைப்புச் சட்டமோ, எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலம் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்கிறது. 1966-இன் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு அந்த உரிமையை நிறைவேற்றும் கடமையை அரசுகளின் தலையில் வைக்கிறது. உரிமை என்று வந்துவிட்டால் யாருடைய தயவும் தேவையில்லை. ஆகவே என் தேர்வு 'நலவாழ்வு நீதி', சமூகநீதி என்று பேசிப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும்.

ஏற்றத்தாழ்வு, அநீதி என்ற இரண்டையும் எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு நம் நாட்டுக் கணக்கையே பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை உத்தரப்பிரதேசத்தில் 50, தமிழ்நாட்டில் 19, கேரளத்தில் 4. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்தால் அது ஏற்றத்தாழ்வு. கேரளத்தில் காப்பாற்ற முடிகிற குழந்தையை மற்ற இடங்களில் ஏன் சாக விடுகிறோம் என்று கேட்டால், அங்கே எழுத வேண்டிய சொல் அநீதி.