உங்கட கடைக் கமரா ராவில என்ன செய்யுது?

"அண்ணை, சைற்றை ஹக் பண்ணிப்போட்டாங்கள்" எண்டு சொல்லித்தான் முக்கால்வாசிப் பேர் எனக்கு போன் எடுக்கிறவை. போய்ப் பார்த்தா பாஸ்வேர்ட் அப்பிடியே கிடக்கு, பைல் எல்லாம் வைச்ச இடத்தில இருக்கு, சைற் மட்டும் திறக்குதில்லை. பெரும்பாலும் அது ஹக் இல்லை, கன மெசின்களில இருந்து பொய்யான கேள்வியளை அள்ளிக்கொட்டி சைற்றைத் திணறடிக்கிற தாக்குதல், டிடொஸ் (DDoS) எண்டு சொல்லுறவை. கிளிநொச்சியில இருந்துகொண்டு மாங்குளம், வவுனியா, புதுக்குடியிருப்பு எண்டு ஹோஸ்டிங், றூட்டர், கமரா கிடைக்கிற வேலை எல்லாம் பார்க்கிறன், அதில கண்டதைத்தான் எழுதுறன்.

போன வருசம் ஒரு ரியூசன் சென்ரர். புது வகுப்புக்கு ஒன்லைனில பதியலாம் எண்டு நோட்டீஸ் ஒட்டினவை, அண்டைக்குப் பின்னேரமே சைற் படுத்திட்டுது. சனம் கூடிட்டுதாக்கும் எண்டுதான் நானும் முதல் நினைச்சன், வற்றாப்பளைப் பொங்கலண்டு முல்லைத்தீவு றோட்டில பஸ் அரக்கேலாமல் நிக்கிற மாதிரி உண்மையான சனம் கூடினாலும் சைற் படுக்கும், பரீட்சை முடிவு வாற ராவில எல்லாரும் காணுறதுதானே. ஆனா ஆர் ஆர் வந்தவை எண்டு சேர்வர் எழுதிவைக்கிற லொக்கை (log) திறந்தா பதியிற பக்கத்துக்கு ஒருத்தரும் வரேல்லை. எல்லாம் தேடுற பெட்டிக்குத்தான், செக்கனுக்கு 400 தரம், அர்த்தமில்லாத எழுத்துகளைத் தேடச் சொல்லி, பிரேசில், வியட்நாம், துருக்கி எண்டு முகவரியள். ஒன்பதாம் ஆண்டு விஞ்ஞான வகுப்புக்கு பிரேசிலில இருந்து ஆர் வாறது?

தேடுற பெட்டியைப் பிடிச்சதும் சும்மா இல்லை. முன்பக்கத்தை சேர்வர் ஒருக்காச் செய்துவைச்சுத் திருப்பித் திருப்பிக் குடுக்கும், தேடல் எண்டா ஒவ்வொருதரமும் டேட்டாபேசைக் கிண்டோணும். ஆகக் குறைஞ்ச விலை ஹோஸ்டிங், அது எவ்வளவெண்டு தாங்கும். ஹோஸ்டிங்காரரே எக்கவுண்டை நிப்பாட்டிப்போட்டினம், மற்ற ஆக்களின்ர சைற்றும் படுக்குதாம்.

இந்தத் தாக்குதலில கன வகை இருக்கு. 2022ல மண்ணெண்ணெய்க்கு வரிசையில வெறும் கானை வைச்சிட்டு ஆள் வீட்டை போனது ஞாபகம் இருக்கோ, சின் பிளட் (SYN flood) எண்டிற வகை அதேதான். "இணையப்போறன்" எண்டு கேக்கும், சேர்வர் "ஓம் வா" எண்டு இடம் பிடிச்சு வைச்சிருக்கும், கேட்டவர் பதிலே சொல்லமாட்டார், வரிசை முழுக்க ஆளில்லாத கான். இன்னொண்டு, என்ர பேரைச் சொல்லி பத்துக் கடைக்கு சாப்பாடு ஓடர் குடுக்கிற மாதிரி, அவ்வளவும் என்ர படலைக்கு வந்து நிக்கும். 2018 பெப்ரவரியில புரோகிராம் எழுதுற ஆக்கள் தங்கட கோட்டை வைக்கிற கிட்ஹப் சைற்றுக்கு அப்பிடித்தான் அடிச்சவங்கள், டேட்டாவைக் கெதியா எடுக்க மெமரியில வைச்சிருக்கிற மெம்காஷ்ட் எண்டிற சேர்வருகளுக்கு, கிட்ஹப்பே கேக்கிற மாதிரி அதின்ர முகவரியைப் பொய்யாப் போட்டு சின்னக் கேள்வியை அனுப்ப, அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய பதில் கிட்ஹப் தலையில விழுந்தது, செக்கனுக்கு 1.35 டெராபிற். அவை சில நிமிசத்தில மீண்டிட்டினம், எங்கட ஆக்களெண்டா மாசக்கணக்கு.

ரியூசன் சென்ரருக்கு, சைற்றுக்கு முன்னுக்கு நிண்டு வாறதை வடிகட்டி விடுற கிளவுட்பிளெயர் கம்பனியின்ர இலவச பிளானைப் போட்டு, தாக்குதல் நேரத்துக்கெண்டு அதில இருக்கிற மோட்டைப் போட்டுவிட்டன். வாற பிரவுசரை அது முதல்ல சோதிச்சுத்தான் உள்ள விடும். அரை மணித்தியாலத்தில சைற் எழும்பி, ராவு பத்துக்கு திருப்பியும் படுத்திட்டுது. பிழை என்ரதான். முன்னுக்குக் காவல் போட்டனானே தவிர சேர்வரின்ர பழைய ஐபியை, அதுதான் அதின்ர இன்ரநெற் முகவரியை, மாத்தேல்லை, அவங்கள் பின்வாசலால நேர அடிச்சவங்கள். ஐபியை மாத்தி, கிளவுட்பிளெயரில இருந்து வாறதை மட்டும் விடச்சொல்லி பயர்வோலில போட்ட பிறகுதான் அடங்கினது.

இப்ப கமராக் கதை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு ஐயாவின்ர கடை, பின்னேரமானா கார்ட் மெசின் வேலை செய்யாதாம், லைன்காரரைத் திட்டிக்கொண்டு இருந்தார். றூட்டரைப் பார்த்தா அப்லோட் முட்டி வழியுது. கடையில என்னத்தை அப்லோட் பண்ணுறது, யூரியூப்பும் இல்லை. ஒவ்வொரு வயராக் கழட்டிக்கொண்டு வந்தன், கமராப் பெட்டியின்ர வயரைக் கழட்டின உடனை எல்லாம் நிண்டிட்டுது. சுவிசில இருக்கிற மகன் போனில கடையைப் பார்க்கோணும் எண்டு கமரா பூட்டினவர் றூட்டரில போர்ட்டை, வெளியில இருந்து கமராவுக்கு வாற வாசலை, திறந்து விட்டிருக்கிறார், பாஸ்வேர்ட் பெட்டியோட வந்த 12345. ஐயாவின்ர பெட்டி ராவுபகலா ஆரோ முகந்தெரியாதவனின்ர சைற்றுக்கு அடிச்சுக்கொண்டு இருந்திருக்கு.

2016ல மிராய் எண்டு வைரஸ் மாதிரி ஒரு கெட்ட புரோகிராம் வந்தது, அதுக்குப் பெரிய மூளை ஒண்டும் தேவைப்படேல்லை. இன்ரநெற் முழுக்கத் தட்டிப்பார்த்து, கம்பனி போட்டுவிட்ட பேரும் பாஸ்வேர்ட்டுமா 60க்கு மேல சோடியளை மாத்தி மாத்திப் போடும், திறந்த கமரா, றூட்டர் எல்லாம் அதின்ர ஆள். அந்த வருசம் ஒக்டோபர் 21, டின் (Dyn) எண்ட டிஎன்எஸ் கம்பனிக்கு, அதாவது சைற்றின்ர பேரைச் சொன்னா அதின்ர ஐபியைத் தேடிக் குடுக்கிற கம்பனிக்கு, அதால அடிக்க, டுவிட்டர், நெற்பிளிக்ஸ் எல்லாம் மணித்தியாலக் கணக்கில திறக்கேலாமப் போச்சு. "எங்கட சின்னக் கடைக்கு ஆர் அடிக்கப்போறான்" எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் இதைத்தான் சொல்லுறது, உங்களுக்கு அடிக்கத் தேவையில்லை, உங்களை வைச்சு அடிப்பாங்கள்.

மிராய் மெமரியிலதான் இருக்கிறது, பெட்டியை ஓவ் பண்ணிப் போட்டா போயிடும். பாஸ்வேர்ட்டை மாத்தாட்டி கொஞ்ச நேரத்தில திரும்பி வரும். அதால முதல் இன்ரநெற் வயரைக் கழட்டி, ஓவ் பண்ணிப் போட்டு, பாஸ்வேர்ட் மாத்தி, போர்ட்டைப் பூட்டின பிறகு வயரைக் குடுங்கோ. கம்பனி புது சொவ்ற்வெயர் விட்டிருந்தா அதையும் போடுங்கோ.

ஐயாவுக்கு நீளமா ஒரு பாஸ்வேர்ட் போட்டுக் குடுத்தன். மறந்திடுவன் எண்டு அதைப் பெரிய எழுத்தில கலண்டரில எழுதினார், கலண்டர் தொங்குறது கமராவுக்கு நேர. மூண்டு நாள் கழிச்சு போன்: "தம்பி, மகன் சுவிசில இருந்து எடுத்தவன், கடை தெரியேல்லையாம். நீர் பூட்டினதை ஒருக்காத் திறந்துவிடுமன்." போர்ட்டைத் திறக்காமல் மகன் மட்டும் பூட்டின தனிவழியால உள்ள வாற மாதிரி விபிஎன் போட்டுத்தாறன் எண்டு சொல்லியிருக்கிறன், இன்னும் போகேல்லை.