மலையேறும்போது மூலிகை: பூசுங்கள், விழுங்காதீர்கள்

வெள்ளியங்கிரி, கொல்லிமலை என்று கிளம்புகிறவர்கள், "டாக்டர், அவசரத்துக்கு என்னென்ன மூலிகை தெரிஞ்சு வச்சுக்கணும்?" என்று கேட்கிறார்கள். சித்த மருத்துவர் என்பதால் நீளமான பட்டியல் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பு. நான் சொல்வது ஒன்றுதான், அதுவும் வெளிப்பூச்சுக்கு.

வெட்டுக்காயப் பூண்டு. சிலர் தாத்தாப்பூ என்பார்கள். தரையோடு படர்ந்திருக்கும், நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய சில இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியும் மூன்றாகப் பிளந்திருக்கும். இலைகள் எதிரெதிரே, ஓரம் பல்பல்லாக, தடவினால் சொரசொரக்கும். சிறு கீறல், சிராய்ப்புக்கு இதைக் கசக்கிச் சாறு விடலாம். ஆனால் காயத்தையும் இலையையும் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஊருக்குத் திரும்பியதும் டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆழமான வெட்டு என்றால் தழையைத் தேடாமல் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்குவதுதான் சரி.

விழுங்கும் விஷயத்தில் நான் கறார். காட்டில் பசித்தால் கிழங்கு தோண்டலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். செங்காந்தள் நம் மாநில மலர். பூத்திருந்தால் யாருக்கும் தெரியும். பூவும் கொடியும் காய்ந்த பிறகு மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும். அதைச் சாப்பிடும் கிழங்கு என்று நினைத்துவிடுவது சுலபம். அதில் இருக்கும் கோல்சிசின் கொடிய நஞ்சு. கொஞ்சம் தின்று பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால் மீதியையும் தின்னலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. வாந்தியும் பேதியும் தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம். அப்புறம் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். சித்த மருத்துவத்திலேயே இதன் நஞ்சை முறித்துச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை.

குரங்கு தின்றால் நாமும் தின்னலாம் என்பதும் தப்பு. எட்டிப் பழத்தின் சதையைக் குரங்கு தின்னும். விதையில் இருப்பதோ ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு.

பாம்புக்கடிக்கு வருகிறேன். வேப்பிலை கசக்கிறதா, மிளகாய் உறைக்கிறதா என்று சோதித்து விஷம் ஏறியதா என முடிவுகட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலியே இருக்காது; இமை சரியத் தொடங்கும்போது நேரம் போயிருக்கும். பாம்புக்கடிக்குத் தழை மருந்து எதையும் நான் தருவதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. அதைத் தயாரிக்க நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்கள் வடநெம்மேலியில் உள்ள, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தினர். மூலிகை தெரிந்தவர்கள்தான் அவர்களும்! கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசைக்கவிடாமல் தூக்கி வாருங்கள், 108-ஐ அழையுங்கள். கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

யாராவது எதையோ தின்றுவிட்டால் மிச்சமிருக்கும் இலை, காய், கிழங்கை ஒரு கவரில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குத் தின்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.