பிரிவின் இன்னலை மறைக்காதீர்கள்: அமெரிக்கக் குடியேற்ற விலக்கும் உளவியல் மதிப்பீடும்

அமெரிக்கக் குடியேற்ற வழக்குகளுக்காக உளவியல் மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது என் பணியில் பெரும்பகுதி. என்னிடம் வருபவர்களில் பலர் வழக்கறிஞர்கள் அனுப்பி வைத்தவர்கள். கணவரோ மனைவியோ நாட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்திருக்கும். மீண்டும் நுழைய விடாத தடையிலிருந்து விலக்குப் பெற, ‘எக்ஸ்ட்ரீம் ஹார்ட்ஷிப்’, அதாவது கடும் இன்னல், இருப்பதாக ஓர் அறிக்கை வேண்டும் என்பார்கள். கட்டணம் செலுத்தினால் முத்திரையிட்டுக் கொடுக்கப்படும் சான்றிதழ் என்று அதை நினைத்து வருவோரும் உண்டு. அப்படி எழுதப்பட்ட அறிக்கைகளை, பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும் தாள்களை, அதிகாரிகள் இரண்டாம் பக்கம் புரட்டுவதற்குள் அடையாளம் கண்டுவிடுவார்கள். சட்டம் எதைக் கேட்கிறது, குடும்பங்கள் எதைச் சொல்கின்றன, இடையில் எது சொல்லப்படாமல் போகிறது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டத்தைப் பற்றி இங்குச் சொல்வது பொதுவான விளக்கமே தவிர, உங்கள் வழக்குக்கான ஆலோசனை ஆகாது.

முதலில் தடை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதியின்றி 180 நாள்களுக்கு மேல் ஓராண்டுக்குள் அமெரிக்காவில் தங்கியிருந்து தாமாக வெளியேறியவர் 3 ஆண்டுகளுக்கும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்து வெளியேறியவர் 10 ஆண்டுகளுக்கும் மீண்டும் நுழைய முடியாது. அந்த நாள்களின் கணக்கு 1997 ஏப்ரல் 1 முதல் தொடங்குகிறது. 18 வயது நிறையாத காலம் அதில் சேராது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தத் தடை உள்ளே இருக்கும்வரை செயல்படுவதில்லை, நாட்டை விட்டு வெளியேறும்போதுதான் விழுகிறது. விசாவுடன் முறைப்படி நுழைந்து, பின்னர் காலம் கடந்து தங்கிவிட்ட ஒருவர் அமெரிக்கக் குடிமகளின் கணவராக இருந்தால், பல நேரங்களில் வெளியே போகாமலேயே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கும். அதை அறியாமல், ஊருக்குப் போய் விசா வாங்கி வந்துவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி விமானம் ஏறி, பத்தாண்டுத் தடையைத் தாமே வரவழைத்துக்கொண்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பத்தாண்டுத் தடையோடு வெளியே இருக்கும்போது அனுமதியின்றி மீண்டும் எல்லை தாண்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். அப்போது விழும் தடை நிரந்தரமானது, பத்தாண்டுகள் வெளியே கழித்த பிறகுதான் திரும்பி வர அனுமதி கேட்கவே முடியும். உரிமம் பெற்ற வழக்கறிஞரிடமோ நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியிடமோ கேட்காமல் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

இந்த மூன்றாண்டு, பத்தாண்டுத் தடைகளிலிருந்து விலக்குப் பெறத்தான் ஐ-601, ஐ-601ஏ ஆகிய விண்ணப்பங்கள் இருக்கின்றன. பின்னது 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது; நேர்காணலுக்காக வெளிநாடு செல்லும் முன்பே, குடும்பத்தோடு இருந்துகொண்டே விலக்குக் கேட்க அது வழி செய்கிறது. 2016இல் கிரீன் கார்டு வைத்திருப்போரின் குடும்பங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆனால் அந்த விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் வேலை அனுமதியோ நாடு கடத்தலிலிருந்து பாதுகாப்போ கிடைத்துவிடாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர்.

இனி இன்னலுக்கு வருவோம். யாருடைய இன்னல் என்பதுதான் முதல் கேள்வி. விண்ணப்பதாரர் படும் துன்பத்தைச் சட்டம் இங்கே நேரடியாகக் கணக்கில் கொள்வதில்லை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள அவருடைய கணவர், மனைவி, தாய், தந்தை ஆகியோரில் ஒருவருக்குக் கடும் இன்னல் நேரும் என்பதைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் இந்தப் பட்டியலில் இல்லை என்று சொன்னதும் பெற்றோர்கள் திகைத்துப்போகிறார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த குழந்தை அழுது ஏங்குவதை விட எது பெரிய இன்னல் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் குழந்தையின் துயரம் பயனற்றுப் போவதில்லை. அது இங்கே தங்கும் தாயையோ தந்தையையோ எப்படி உருக்குலைக்கிறது, அவர்களுடைய வேலை, தூக்கம், உடல்நலம் ஆகியவற்றை எப்படிப் பாதிக்கிறது என்ற வழியாக அதை வழக்குக்குள் கொண்டுவர முடியும். குற்றப் பின்னணி தொடர்பான வேறொரு விலக்கில் மட்டும் மகனோ மகளோ நேரடியாகவே கணக்கில் வருவார்கள்.

எவ்வளவு துன்பம் இருந்தால் ‘கடும் இன்னல்’ ஆகும் என்பது அடுத்த கேள்வி. பிரிவுத் துயரம், வருமானக் குறைவு, புதிய நாட்டில் பழகுவதன் சிரமம் போன்றவை யாருக்கும் இயல்பாக நேர்பவை என்றும், அவை தனித்தனியே போதாது என்றும் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதே வாரியம், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. எந்த அம்சங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்கு 1999ஆம் ஆண்டின் செர்வான்டெஸ்-கொன்சாலெஸ் தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆக, ‘அவர் இல்லாமல் என்னால் வாழ முடியாது’ என்ற வாக்கியம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அதிகாரியின் மேசையில் அதற்குக் கனம் குறைவு. அவர் இல்லாவிட்டால் எந்தெந்த வேலை நின்றுபோகும், அதனால் என்ன ஆகும், அதைத் தொடர்ந்து வேறென்ன ஆகும் என்ற சங்கிலிக்குத்தான் கனம் அதிகம்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனைவி அமெரிக்கக் குடிமகள். மருத்துவமனையில் இரவுப் பணி. கணவர் அனுமதியின்றி எல்லை தாண்டி வந்தவர். பள்ளி செல்லும் மகளுக்கு வலிப்பு நோய். முதல் சந்திப்பில் அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் சொன்ன பதில், ‘கஷ்டம்தான், ஆனா சமாளிச்சுக்குவேன்’ என்பதே. அழவில்லை, குரல்கூடத் தழுதழுக்கவில்லை. அன்றைய குறிப்புகளை மட்டும் வைத்து அறிக்கை எழுதியிருந்தால், உறுதியான மனநிலை கொண்ட ஒருவர் கணவரின் பிரிவை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த சந்திப்பில் அவருடைய மனநிலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. நேற்று மாலை முதல் இன்று காலை வரை வீட்டில் நடந்ததை மணிவாரியாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் வேலைக்குக் கிளம்பும் முன் கணவர் மகளுக்கு மாத்திரை கொடுக்கிறார். வலிப்பு பெரும்பாலும் உறக்கத்தில் வருவதால் தந்தை மகளின் கட்டிலுக்கு அருகிலேயே தரையில் படுக்கிறார். கட்டில் ஆடினால் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு கையை மெத்தையின் விளிம்பில் வைத்துக்கொண்டே தூங்குவாராம். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் செலுத்த வேண்டிய மருந்து அவருடைய தலையணை உறைக்குள் இருக்கும். மனைவி காலையில் திரும்பி வந்ததும் முதலில் பார்ப்பது அந்த மருந்தின் உறை பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.

கணவர் போய்விட்டால் இரவுப் பணியை விட வேண்டும். பகல் பணியில் முழுநேர இடம் காலியில்லை. பகுதிநேரம் என்றால் மருத்துவக் காப்பீடு போய்விடும். மகளின் நரம்பியல் மருத்துவரையும் மாதாந்திர மருந்துகளையும் தாங்குவது அந்தக் காப்பீடுதான். கணவரோடு வெளிநாட்டுக்குப் போகலாம் என்றால், மனைவியின் தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அழைத்துச் செல்ல வேறு ஆள் இல்லை. இத்தனையும் முதல் சந்திப்பில் அவர் சொல்லாத செய்திகள். மறைக்க வேண்டும் என்ற எண்ணத்தால் அல்ல. அன்றாடம் செய்வதை யாரும் இன்னல் என்று நினைப்பதில்லை. அந்த மருந்தை வாங்கிய மருந்தகப் பதிவு, பணியிட நேர அட்டவணை, காப்பீட்டு விதி, டயாலிசிஸ் மையத்தின் கடிதம் ஆகியவை சேர்ந்தபோதுதான் அறிக்கையில் நான் எழுதிய பதற்ற நோய்க்கும் தூக்கமின்மைக்கும் ஆதாரம் கிடைத்தது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைகள் துறையின் கொள்கைக் கையேட்டின்படி, தகுதியுடைய உறவினர் (மேலே சொன்ன கணவர், மனைவி, தாய், தந்தை ஆகியோரில் ஒருவர்) இங்கேயே தங்கிப் பிரிந்து வாழ்வாரா, அல்லது விண்ணப்பதாரரோடு வெளிநாடு செல்வாரா என்பதைத் தெளிவாகவும் நம்பும்படியாகவும் சொன்னால், அந்த ஒரு நிலையின் இன்னலைக் காட்டினால் போதும். இருந்தாலும் பல வழக்கறிஞர்கள் இரண்டையும் எழுதச் சொல்கிறார்கள். எது நடக்கும் என்று குடும்பத்துக்கே தெரியாதபோது அதுவே பாதுகாப்பு. பொய்யாக ஒரு திட்டத்தைச் சொல்வதுதான் ஆபத்து. அறிக்கையில் ‘போகவே மாட்டேன்’ என்றும் உறுதிமொழிப் பத்திரத்தில் ‘கூடவே போவேன்’ என்றும் இருந்தால் இரண்டுமே நம்பிக்கை இழக்கும்.

மனநல சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் என்னிடம் வரும்போது ஒரு முறைகூட மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்திருக்க மாட்டார்கள். மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 வினாத்தாளில் 27க்கு 20 என்ற அளவில் மதிப்பெண் வரும். அது கடுமையான மனச்சோர்வின் எல்லைக்குள் உள்ள எண். ஆனால் இவ்வளவு கடுமையான நோய் இருந்தும் ஏன் சிகிச்சை பெறவில்லை என்ற கேள்வி அதிகாரிக்கு எழுவது இயல்பு. பயம், செலவு, நேரமின்மை, பிறர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் என்று உண்மையான காரணங்கள் இருக்கும். அவற்றை நான் எழுதுகிறேன். இருந்தாலும், வழக்குக்காக அல்லாமல் நோய்க்காக முன்கூட்டியே சிகிச்சை தொடங்கியவர்களின் பதிவுகளுக்கு இணையான சான்றை ஒரு மதிப்பீட்டாளரால் உருவாக்கிவிட முடியாது. வழக்கு இல்லாவிட்டாலும் அந்தச் சிகிச்சை அவர்களுக்குத் தேவை என்பதுதான் இதைவிட முக்கியம். மிகைப்படுத்தச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: எல்லா அறிகுறிகளுக்கும் ‘ஆம்’ என்று பதில் சொல்பவரைச் சோதனைகளே காட்டிக்கொடுக்கும், பிறகு உண்மையான அறிகுறிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நண்பர்கள் எழுதித் தரும் கடிதங்களில் பெரும்பகுதி வீண். ‘நல்ல மனிதர், கடின உழைப்பாளி, அன்பான தந்தை’ என்று பத்துப் பேர் எழுதுவதைவிட, பெற்றோர் சந்திப்புகளுக்கு எப்போதும் வருபவர் தந்தைதான், அவர் தடுப்புக் காவலில் இருந்த மாதத்தில் சிறுமி எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்று ஓர் ஆசிரியை தேதியோடு எழுதும் அரைப் பக்கம் மேலானது. தமிழில் எழுதப்பட்ட கடிதம் என்றால் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட சான்றுரையையும் இணைக்க வேண்டும்.

சில சூழ்நிலைகளைக் கொள்கைக் கையேடு தனியாகவே கனம் மிக்கவை என்று வகைப்படுத்தியிருக்கிறது: தகுதியுடைய உறவினர் ஏற்கெனவே அகதியாகவோ அடைக்கலம் பெற்றவராகவோ ஏற்கப்பட்டிருப்பது, அவருக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ மாற்றுத்திறன் இருப்பது, ராணுவப் பணி, செல்லவிருக்கும் நாட்டைப் பற்றிய பயண எச்சரிக்கை, பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பு பெருமளவு கைமாறுவது ஆகியவை. போரிலிருந்து தப்பி வந்து அடைக்கலம் பெற்ற ஒருவர், அதே மண்ணுக்குத் திரும்பி வாழ வேண்டும் என்ற எண்ணத்திலேயே உடல் நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல அவர் தயங்குவார். பழைய அடைக்கல வழக்கில் எல்லாம் எழுதியாகிவிட்டதே என்பார். இந்தக் கோப்பைப் பார்க்கும் அதிகாரி அந்தக் கோப்பைத் தேடி எடுத்துப் படிப்பார் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர்களாக அழைத்து வராதீர்கள். ஒன்பது வயது மகளின் வாய் வழியாகத் தன் தற்கொலை எண்ணத்தைச் சொல்ல எந்தத் தாயாலும் முடியாது. சொன்னாலும் அந்தக் குழந்தை அதைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும். வழக்கு நடப்பதையே பிள்ளைகளிடம் மறைக்கும் வீடுகளிலும் பிள்ளைகள் எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார்கள். படுக்கையை நனைத்தல், வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்தல், கதவு தட்டப்பட்டால் ஒளிந்துகொள்ளுதல் ஆகியவற்றை நான் அடிக்கடி காண்கிறேன். பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும் அளவில், யார் அவளைப் பார்த்துக்கொள்வார், அப்பாவோடு எப்படிப் பேசலாம் என்பதை மட்டுமாவது சொல்லிவிடுவது நல்லது.

இன்னல் நிரூபிக்கப்பட்டாலும் விலக்குத் தருவது அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. ஆகவே மறுப்பும் வரலாம். அதற்கு முன் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்தால் அதில் குறிப்பிட்டுள்ள கெடுவுக்குள், பொதுவாக 84 நாள்களுக்கு மிகாமல், முழுமையாகப் பதிலளிக்க வேண்டும். ஐ-601 மறுக்கப்பட்டால் 30 நாள்களுக்குள், முடிவு அஞ்சலில் வந்திருந்தால் 33 நாள்களுக்குள், மேல்முறையீடு செய்யலாம். ஐ-601ஏ மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. புதிய சான்றுகளோடும் புதிய கட்டணத்தோடும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பிக்கும்போது பழைய அறிக்கையையே திரும்ப இணைக்காமல், இடைப்பட்ட காலத்தில் குடும்பத்தில் என்ன மாறியது என்பதைப் பதிவு செய்யும் புதிய மதிப்பீடு ஒன்றை வாங்குங்கள். மறுப்புக் கடிதத்தையும் மதிப்பீட்டாளரிடம் காட்டுங்கள்.