வில்லா மரிட்டிமா: கடற்கரை மாளிகையா, கடலோரப் பண்ணைவீடா?

தமிழ் சினிமா வில்லனும், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விளம்பரப் பலகைகளில் தொங்கும் 'பீச் வில்லா'வும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை. லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணைவீடு. பிற்காலத்தில் அந்தப் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த உழவனுக்கு 'வில்லானுஸ்' என்று பெயர். நம் கணக்கில் பண்ணையாள். பழைய பிரெஞ்சு வழியாக அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனபோது மேட்டுக்குடிப் புத்தியும் கூடவே போயிற்று. உழவன் கீழ்மகன் ஆனான், கீழ்மகன் அயோக்கியன் ஆனான், கடைசியில் கோடம்பாக்கத்துக்கு வந்து கதாநாயகனிடம் அடி வாங்கினான். பண்ணையாளுக்குக் கிடைத்தது வசவு. பண்ணையார் வீட்டுக்குக் கிடைத்தது சதுர அடிக்கு இத்தனை ஆயிரம் என்ற விலை.

சரி, வில்லனை விடுவோம். 'வில்லா மரிட்டிமா' என்று ரோமானியர் சொன்ன கடலோர வீட்டுக்குத் தமிழில் என்ன சொல் பொருந்தும் என்பதுதான் இங்கே கேள்வி. 'கடற்கரை மாளிகை' என்று பலரும் எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். எழுதியது தவறு என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் சொல்லைப் பிரிக்கலாம். 'மரே' என்றால் கடல். அதிலிருந்து 'மரிட்டிமுஸ்', கடல் சார்ந்தது. வில்லா லத்தீனில் பெண்பால் என்பதால் அடைமொழியும் 'மரிட்டிமா' என்று முடிகிறது. வில்லாவின் வேர், குடியிருப்பைக் குறிக்கும் ஒரு தொல் இந்தோ-ஐரோப்பிய அடி என்பது மொழியியலார் பொதுவாக ஏற்கும் கருத்து. லத்தீனில் சிற்றூரைக் குறிக்கும் 'வீக்குஸ்', வடமொழியில் குடிமக்களைக் குறிக்கும் 'விஸ்' (வைசியர் என்பதன் அடி), கிரேக்கத்தில் வீட்டைக் குறிக்கும் 'ஒய்கோஸ்' எல்லாம் உறவுமுறை. அந்த ஒய்கோஸிலிருந்து வந்ததுதான் 'எக்கானமி'. ஆக, வில்லாவும் பொருளாதாரமும் சொல்லளவிலேயே பங்காளிகள்.

ரோமானியருக்கு இதெல்லாம் தெரியாது. வார்ரோ என்ற அறிஞர் தன் எண்பதாவது வயதில், கி.மு. 37-ல், வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். பட்டிக்காட்டார் வில்லாவை 'வெல்லா' என்கிறார்கள், 'வெஹோ' (சுமந்து செல்) என்பதிலிருந்து அது வந்தது என்று அவர் அதில் ஒரு விளக்கம் சொல்கிறார். சொற்பிறப்பாகப் பார்த்தால் இது தேறாது. ஆனால் அந்தக் காலத்து ஆள் வில்லா என்றதும் என்ன நினைத்தான் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பாரம் உள்ளே வரும் இடம், பாரம் வெளியே போகும் இடம். அவன் கண்ணில் முதலில் பட்டது தூணும் சித்திரமும் அல்ல, வண்டிதான்.

அதே நூலில் ஒரு ரசமான வாக்குவாதமும் உண்டு. ரோமில் தேர்தல் நாள். வெயில் தாங்காமல் சிலர் ஒரு பொதுக்கட்டடத்தில் ஒதுங்குகிறார்கள். பேச்சு எங்கோ தொடங்கி, எதை வில்லா என்பது என்பதில் வந்து நிற்கிறது. பொன்பூச்சும் வண்ணமுமாக ஜொலிக்கிற வீடா, மாடும் கழுதையும் நிற்கிற வீடா? ரோமின் துறைமுகமான ஒஸ்தியாவில் ஒருவருடைய வில்லாவில் ஓவியமும் இல்லை, சிலையும் இல்லை, ஆனால் வளர்ப்புப் பறவை, தேன், காட்டுப்பன்றி என்று வருமானம் கொட்டுகிறது. இன்னொரு வில்லாவில் ஒரே ஆண்டில் 5,000 பாடும் பறவைகள், ஒன்று 3 தெனாரியஸ் வீதம், விருந்து மேசைகளுக்கு விற்றுப்போயின. ஒரு தெனாரியஸுக்கு நாலு செஸ்டர்ஸ், ஆக மொத்தம் 60,000 செஸ்டர்ஸ். இருநூறு யூகெரா (ரோமானிய நில அளவு) நிலம் தருவதைவிட இரண்டு மடங்கு என்று பேசுகிறவரே கணக்கும் சொல்கிறார். விளைச்சல் இருந்தால் வில்லா, இல்லாவிட்டால் வெறும் வீடு. வாதத்தின் போக்கு இதுதான்.

நம் 'பண்ணைவீடு' நடந்த பாதையும் இதேதான் இல்லையா? ஒரு காலத்தில் நெல் அடித்து, வைக்கோல் போர் போட்டு, மாடு கட்டிய இடம். இன்று நாளிதழில் 'பண்ணைவீட்டில் ஆலோசனை' என்று படித்தால் அங்கே நாற்று நடுகிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. நாலு மாமரம், ஒரு நீச்சல் குளம், ஒரு காவலாளி. உழைப்புச் சொல் ஓய்வுச் சொல்லாகிவிட்டது. வார்ரோ காலத்துக்கு முன்னும் பின்னும் இத்தாலியக் கடற்கரையில் வில்லாவுக்கு நடந்ததும் இதுவே.

கட்டடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கொலுமெல்லா என்ற வேளாண் நூலாசிரியர் வில்லாவை மூன்றாகப் பிரிக்கிறார்: எஜமானர் தங்கும் 'நகரப் பகுதி', வேலையாட்களும் மாடுகளும் இருக்கும் 'நாட்டுப்புறப் பகுதி', எண்ணெய், திராட்சை மது, தானியம் சேமிக்கும் 'விளைபொருள் பகுதி'. இவற்றைத் தமிழில் முன்கட்டு, வேலைக்கட்டு, களஞ்சியக்கட்டு என்றால் சட்டென்று புரிந்துவிடும். 'கட்டு' என்ற சொல்லை நம் பழைய வீடுகளுக்குப் பயன்படுத்தியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

ஊருக்குள் இருக்கும் ரோமானிய வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி உள்முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். கடலோர வில்லா அதைத் திருப்பிப் போட்டது. நீண்ட தூண்வரிசைத் தாழ்வாரம் கடலைப் பார்த்து ஓடும், அறைகள் அதன் பின்னால் வரிசை கட்டும். வெசுவியஸ் எரிமலை அருகே இருந்த பொம்பேய் (Pompeii) நகரில் மார்க்குஸ் லுக்ரெத்தியுஸ் ஃப்ரோன்தோவின் வீட்டுச் சுவரில் இப்படிப்பட்ட வில்லாக்களைச் சின்னச் சின்னப் படங்களாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். கடலைப் பார்க்க ஆசை இருந்தால் போதாது, அலையில் நிற்கும் சுவரும் வேண்டுமே. அதற்கு நேப்பிள்ஸ் வளைகுடாவே வழி செய்தது. புத்தெயோலி என்ற துறைமுகப் பக்கத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் அது தண்ணீருக்கடியிலும் இறுகும் என்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியுஸ் எழுதுகிறார். ஊர் இன்றைக்குப் பொத்சுவோலி. அந்தச் சாம்பலுக்கு இன்றும் அதன் பெயரே, பொத்சோலானா.

இளைய பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் ரோமிலிருந்து 17 மைலில் இருந்த தன் லவுரெந்தும் வில்லாவைப் பற்றி ஒரு நண்பருக்கு நீளமாக எழுதிய கடிதம் இருக்கிறது. சாப்பாட்டு அறை கரையிலிருந்து முன்னே நீட்டி நிற்கிறது. மூன்று பக்கமும் கதவுகள், கதவளவு ஜன்னல்கள். உட்கார்ந்தால் மூன்று கடல் தெரிவது போல இருக்கும். தென்மேற்குக் காற்று அடிக்கும் நாளில் உடைந்து ஓய்ந்த அலை வந்து சுவரின் காலை லேசாக நனைத்துவிட்டுப் போகும். இவ்வளவு கவிதையாக எழுதுகிற மனிதர் கூடவே இன்னொன்றையும் சொல்கிறார்: பக்கத்துச் சிற்றூரில் காசு கொடுத்துக் குளிக்கும் குளியலகம் மூன்று இருக்கிறது, திடீரென்று வந்து இறங்கினால் வீட்டில் வெந்நீர் போடத் தேவையில்லை. எனக்குப் பிடித்த வரி இதுதான்.

இந்த அழகுக்குப் பின்னால் யார் ஓடினார்கள் என்று பார்க்க ஓப்லோந்திஸ் போக வேண்டும். இன்றைய தொர்ரே அன்னுன்சியாத்தா. கி.பி. 79-ல் வெசுவியஸ் புதைத்த வில்லா அங்கே தோண்டி எடுக்கப்பட்டது. சுமார் 60 மீட்டர் நீளக் குளம், கூடங்களில் மயிலும் தூண்களுமாகச் சுவரோவியம். அந்தக் கூடங்களை விட்டு வேலைக்காரர் நடைபாதைக்குள் நுழைந்தால் மயில் மறைந்துவிடுகிறது. சுவரில் வெள்ளையும் கறுப்புமாக, வரிக்குதிரைத் தோல் போல, சாய்ந்த பட்டைகள் மட்டும். இது அடிமைகள் நடக்கும் வழி என்று பலகை எழுதி மாட்டத் தேவையில்லை, சுவரே சொல்லிவிடும்.

அப்புறம் மீன்குளம். 'பிஸ்கினா' என்று பெயர், மீனைக் குறிக்கும் 'பிஸ்கிஸ்' என்பதிலிருந்து வந்தது. இன்று இத்தாலியில் அந்தச் சொல்லைச் சொன்னால் நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள். கரைப்பாறையைக் குடைந்தோ கடலுக்குள் சுவர் கட்டியோ தொட்டிகள் அமைத்தார்கள். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால், கடல்நீர் தானாக வந்து போகும்படி வாய்க்காலின் மட்டத்தைக் கச்சிதமாக அமைக்க வேண்டும். வாய்க்கால் வாயில் பொடித் துளையிட்ட உலோகத் தட்டி, தண்ணீர் போகும், மீன் போகாது. வெயிலுக்கு ஒதுங்கப் பக்கச் சுவரில் பொந்துகள். ஸ்பெர்லோங்காவில் இருக்கும் குளத்தில் மண்சாடிகளையே சுவருக்குள் பதித்து மீன்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு நுட்பமாக மட்டம் பார்த்துக் கட்டியதால்தான், பழைய கடல் மட்டத்தைக் கணக்கிடும் ஆய்வாளர்கள் இன்று இந்தக் குளங்களை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் லாபம் வந்ததா? வார்ரோ நக்கலாகப் பதில் சொல்கிறார்: பெரிய மனிதர்களின் கடல்நீர்க் குளங்கள் கண்ணுக்குத்தான் விருந்து, அவை எஜமானரின் பணப்பையை நிரப்புவதில்லை, காலி செய்கின்றன. ஹொர்தென்சியுஸ் என்ற வழக்கறிஞர் நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையிலிருந்த பவுலியில் ஏகப்பட்ட பணம் போட்டுக் குளங்கள் கட்டியிருந்தார். வீட்டில் விருந்து என்றால் என்ன செய்வார்? புத்தெயோலி சந்தைக்கு ஆள் அனுப்பி மீன் வாங்கி வரச் சொல்வார். தன் குளத்து மீனைச் சாப்பிட மனம் வராது. அவரிடம் வண்டி இழுக்கும் கோவேறு கழுதையைக் கேட்டால் தந்துவிடுவார், குளத்திலிருந்து ஒரு தாடிமீனைக் கேட்டால் தரமாட்டார் என்கிறார் வார்ரோ. கி.மு. 60-ல் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ இந்தக் கூட்டத்துக்குக் 'குளத்துக்காரர்கள்' என்றே பட்டம் வைத்தார். நாடு கவிழ்ந்துகொண்டிருக்கிறது, இவர்களோ தாடிமீன் கைக்கு வந்து தின்றால் வானத்தையே தொட்டுவிட்டதாக நினைக்கிறார்கள் என்று புலம்பினார். லுகுல்லுஸ் என்ற பணக்காரத் தளபதி கடல்நீர் கொண்டுவர மலையையே வெட்டியபோது 'டோகா (ரோமானியர் மேலாடை) உடுத்த செர்க்ஸஸ்' என்று கேலி செய்தார்கள், பாரசீக மன்னன் செர்க்ஸஸும் மலையை வெட்டிக் கால்வாய் எடுத்தவன் என்பதால். ஆனால் அவர் செத்த பிறகு அவர் குளத்து மீன்கள் மட்டும் 40 லட்சம் செஸ்டர்ஸுக்குப் போயின. கண்ணுக்கு விருந்து என்றது கடைசியில் கைக்கும் காசானது.

நிலத்தின் விலையும் இப்படித்தான் எகிறியது. அதே வளைகுடாவில் மிசேனும் என்ற ஊர்ப் பக்கம் தளபதி மாரியுஸுக்கு இருந்த வில்லாவைக் கொர்னேலியா என்ற பெண்மணி 75,000-க்கு வாங்கினாராம். கொஞ்ச காலத்தில் அதையே லுகுல்லுஸ் 25 லட்சத்துக்கு வாங்கினார் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். பின்னாளில் பேரரசர் திபேரியுஸ் உயிர் விட்டதும் அங்கேதான்.

பணம் உள்ளவர்கள் ஏன் கடற்கரைக்கே முண்டியடித்தார்கள் என்பதற்குக் காற்றும் காட்சியும் போக ஒரு சட்டக் காரணமும் உண்டு. கி.மு. 218-ல் வந்த கிளாவுதியா சட்டம், செனட் உறுப்பினர்கள் 300 சாடிக்கு மேல் ஏற்றும் கப்பல் வைத்திருக்கக் கூடாது என்றது. வியாபாரம் கௌரவக் குறைவு. ஆனால் சொந்தப் பண்ணையில் விளைந்ததைக் கப்பலேற்றி விற்பது வியாபாரம் ஆகாது! கரையிலேயே பண்ணை, பண்ணையிலேயே படகுத்துறை என்றால் கௌரவமும் கெடாது, காசும் வரும். இன்றைய குரோவேஷியாவில், பொரெச் அருகே லோரோன் என்ற இடத்தில் இருந்த கடலோர வில்லா இதற்கு நல்ல சாட்சி. ஒலிவ எண்ணெய்ச் சாடிகளைச் சுடும் சூளைகளே அங்கே இருந்தன. சாடியில் உரிமையாளர் முத்திரை இருக்கும். முதலில் கி.பி. 16-ல் கான்சலாக (ரோமின் உயர் ஆட்சிப் பதவி) இருந்த சிசென்னா ஸ்தத்திலியுஸ் தவுருஸ், பின்னால் கல்வியா கிறிஸ்பினில்லா, அதற்கும் பின்னால் பேரரசர்கள். ஒரு பண்ணை கைமாறிய கதையை மண்சாடியில் படித்துவிடலாம். ஓப்லோந்திஸிலும் மயில் வரைந்த அந்த வில்லாவுக்குச் சில நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கட்டடம் கிடைத்தது. ஓவியக் கூடம் இல்லை, கவிழ்த்து அடுக்கிய 400-க்கும் மேற்பட்ட மதுச் சாடிகள். இரண்டும் ஒரே கரை.

அந்த வளைகுடாப் பக்கத்துச் சாடிகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன. வெசுவியஸின் கருமணல் துகள் கலந்த மண், பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். சங்கப் பாட்டில் யவனர் கொண்டுவந்ததாக வரும் தேறலை இதோடு சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'கடற்கரை மாளிகை' முன்கட்டை மட்டும் காட்டுகிறது. வேலைக்கட்டும் களஞ்சியமும் மீன்குளமும் சூளையும் காணாமல் போகின்றன. 'கடலோர பங்களா' இன்னும் மோசம். பங்களா வங்காளத்து வீடு, வெள்ளைக்கார அதிகாரியின் வாசனை அடிக்கும். கவித்துவமாக 'நெய்தல் மனை' என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் நெய்தல் உப்பு விளைக்கிறவர்களும் வலை வீசுகிறவர்களும் வாழ்ந்த திணை. ஹொர்தென்சியுஸை அங்கே குடிவைக்க எனக்கு மனமில்லை. 'வளமனை' கேட்க நன்றாக இருக்கிறது, நிலம் மட்டும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தார் கிணறும் தென்னையும் வேலியுமாக வீட்டோடு சேர்ந்த காணியை 'வளவு' என்பார்கள், அது கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஈழத்து வாசகருக்கு எழுதினால் 'கடலோர வளவு' என்றே எழுதுவேன்.

மற்றபடி என் தேர்வு 'கடலோரப் பண்ணைவீடு'. பண்ணை என்றதும் பண்ணையார், பண்ணையாள், காரியஸ்தர், மீன்பண்ணை எல்லாரும் எல்லாமும் கூடவே வந்துவிடுகிறார்கள். லத்தீனிலும் வில்லாவைக் கவனிக்கும் காரியஸ்தருக்கு 'வீலிக்குஸ்' என்று பெயர், பெரும்பாலும் அவரும் அடிமை. விளைச்சலும் ஓய்வும் ஒரே சொல்லுக்குள் இழுபறியாக இருப்பது இரண்டு மொழிக்கும் பொது.

விளைச்சலே இல்லாத வில்லாவை என்ன செய்வது என்று கேட்கலாம். பிளினியின் லவுரெந்தும் வீடு அப்படிப்பட்டதுதான். மேலே கூரை, பக்கத்தில் தோட்டம், அதைத் தாண்டினால் மணல். வேறொன்றும் அங்கே அவருக்குச் சொந்தமில்லை. அப்படியும் இன்னொரு கடிதத்தில் கணக்கு ஒப்பிக்கிறார். தஸ்கனி நிலத்தில் ஆலங்கட்டி மழை அடித்துவிட்டது, வடக்கே அமோக விளைச்சல் ஆனால் விலை இல்லை, வரும்படி தருவது இந்த ஒரு வீடுதான். எப்படி என்றால், அங்கேதான் அவர் நிறைய எழுதுகிறார். மற்ற இடங்களில் நிறைந்த களஞ்சியத்தைத் திறந்து காட்டுவது போல, அங்கே வந்தால் நிறைந்த ஏட்டுப்பெட்டியைத் திறந்து காட்டுவாராம்.