சிம்பன்சி ஏன் அந்த இலையை மெல்லாமல் விழுங்குகிறது?

வயிறு சரியில்லை என்றால் எங்கள் வீட்டு நாய் தானாகவே போய் அருகம்புல் தின்கிறது, அப்படியானால் விலங்குகளுக்கு மருத்துவம் தெரியும்தானே என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ராக்குஸ் பற்றிய செய்தியைப் படித்ததிலிருந்து அவருக்கு இந்த யோசனையாம்.

ராக்குஸ் என்பது சுமத்ராவில் சுவாக் பாலிம்பிங் காட்டில் வாழும் ஆண் ஒராங்குட்டான். 2022 ஜூனில் அதன் முகத்தில் பெரிய காயம். மூன்று நாள் கழித்து ஒரு கொடியின் இலைகளை மென்று, சாற்றை விரலால் எடுத்துக் காயத்தில் திரும்பத் திரும்பத் தடவியது, கடைசியில் மென்ற விழுதையே அப்பி மூடிவிட்டது. ஐந்தே நாளில் காயம் மூடிக்கொண்டது. அந்தப் பகுதி மக்களும் மருந்தாகப் பயன்படுத்தும் கொடி அது. 2024 மே மாதம் இசபெல் லாமர் குழுவினர் இதை வெளியிட்டபோது, எப்படித் தொடங்கியிருக்கலாம் என்பதற்கு ஒரு யோசனையும் சொல்லியிருந்தார்கள்: இலை தின்றுகொண்டிருந்தபோது விரல் தற்செயலாகக் காயத்தில் பட்டு, வலி சட்டென்று குறைந்திருக்கலாம், அதனால் மறுபடி செய்திருக்கலாம்.

தற்செயலாக ஒன்று நடக்கும், பலன் கிடைக்கும், மறுபடி செய்யத் தோன்றும். இது மட்டுமே போதுமா? போதும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சாட்சி சிம்பன்சிகளின் இலைதான்.

தான்சானியாவில் கோம்பே, மஹாலே காடுகளில் சிம்பன்சிகள் சில நாட்கள் காலையில், வேறெதுவும் சாப்பிடும் முன், ஆஸ்பிலியா என்ற செடியின் இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்து மெல்லாமல் விழுங்குகின்றன. சிம்பன்சி ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ராங்கமும் தோஷிசாதா நிஷிதாவும் 1983ல் இதை எழுதினார்கள். இலையில் புழுக்கொல்லி வேதிப்பொருள் இருக்கிறது என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு மறுபடி சோதித்தபோது இலைகளில் அந்தப் பொருள் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, வேறு காடுகளில் சிம்பன்சிகள் இப்படி விழுங்கும் இலைகளைச் சேர்த்தால் 30க்கும் மேற்பட்ட செடி வகைகள் வந்தன. அத்தனைக்கும் பொதுவாக ஒரு மருந்துச் சத்து எப்படி இருக்கும்?

பொதுவாக இருந்தது சொரசொரப்பு! பூசணி இலையைத் தடவினால் கையில் உரசுமே, அந்த மாதிரி. மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆய்வாளர் மஹாலேயில் சிம்பன்சி மலத்தைக் கழுவிப் பார்த்தார். இலைகள் செரிக்காமல், பச்சையாக, முழுசாக வெளியே வந்திருந்தன. கூடவே முடிச்சுப்புழுக்கள் என்ற குடல் ஒட்டுண்ணிகள், சில அந்த இலை மடிப்புகளிலேயே மாட்டிக்கொண்டு, உயிரோடு. உயிரோடு என்பதுதான் முக்கியம், ஏனென்றால் விஷம் வைத்திருந்தால் புழு செத்திருக்கும்.

நடப்பது இதுதான். சிம்பன்சி இலையை நாக்காலும் மேலண்ணத்தாலும் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து விழுங்குகிறது. காலி வயிற்றில் இந்தச் செரிக்காத, முரட்டு மடிப்புகள் இறங்கும்போது குடல் எரிச்சலடைந்து எல்லாவற்றையும் வேகமாகத் தள்ளுகிறது, சுமார் 6 மணி நேரத்தில் இலை வெளியே வந்துவிடுகிறது. போகிற வழியில் குடலில் இருக்கும் புழுக்களையும் வாரிக்கொண்டு போகிறது. உள்ளிருந்து ஒரு துடைப்பம். மென்றிருந்தால் இதில் எதுவுமே நடக்காது, மருந்தே அந்த மெல்லாமைதான்.

இதை முதலில் கண்டுபிடித்த சிம்பன்சிக்குப் புழுவைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹஃப்மனும் சடோஷி ஹிராடாவும், இப்படி இலை விழுங்கிப் பழக்கமே இல்லாத, அடைத்து வளர்க்கப்பட்ட ஆரோக்கியமான சிம்பன்சிகளிடம் சொரசொரப்பான இலைகளைக் கொடுத்தார்கள். சில தொடவே இல்லை, சில மென்று பார்த்தன. ஆனால் ஒன்றிரண்டு, யாரும் சொல்லாமலே, மடித்து விழுங்கின! மெல்லக் கஷ்டமான இலையை வாய் அப்படித்தான் கையாள்கிறது போலிருக்கிறது. அப்புறம் அவற்றைப் பார்த்த மற்றவையும் விழுங்கின. கண்டுபிடிக்க ஒன்றிரண்டு போதும், மற்றவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கும் பழக்கம் இருந்தால் சரி.

மஹாலே ஆய்வை நிஷிதா தொடங்கியது 1965ல். பல ஆண்டுகள் ஒரே காட்டில் இருந்து ஒரே கூட்டத்தைப் பின்தொடர்ந்தால்தான் இப்படி ஒன்று கண்ணில் படும். மூன்று வருடத்துக்குள் முடிவைக் காட்டு என்று நிதி கொடுத்தால் இந்த மாதிரி அறிவியல் வளராது, இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இதே வேகத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விலங்குக்கு எல்லா மூலிகையும் தெரியும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆளைக் கொல்கிறது. பாம்போடு சண்டை போட்ட கீரி கீரிப்பூண்டைத் தின்று விஷத்தை முறிக்கிறது என்பார்கள். உண்மையில் கீரியின் தசையில், நரம்புச் செய்தியை வாங்கும் புரதத்தின் வடிவம் சற்று மாறியிருக்கிறது, அதனால் நல்லபாம்பின் நரம்பு விஷம் அதில் சரியாக ஒட்டாது. நமக்கு அந்த மாற்றம் கிடையாது. பாம்பு கடித்தால் வேரைத் தேடாதீர்கள், விஷமுறிவு ஊசி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.

சரி, நாய்க்கு வருகிறேன். ஓநாய்களும் புல் தின்னும், அவற்றின் மலத்திலும் புல் அப்படியே கிடக்கும். சிம்பன்சி இலை செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்தது, வீட்டு நாய்க்கு அந்தப் பழக்கம் மிச்சமாக வந்தது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், இன்னும் நிரூபணமாகவில்லை. நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்ததில், புல் தின்பதற்கு முன் பெரும்பாலான நாய்கள் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன, புல் தின்றதை மட்டும் வைத்து உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால் அடுத்த முறை உங்கள் நாய் புல் மேய்ந்தால் மறுநாள் அதன் மலத்தைப் பாருங்கள். புழு தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுங்கள்.